அக்காவின் கிராணி

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "என் விசயம் எனக்கும் கிராணிக்கும் தெரிஞ்சா போதும்லா" என்று வேலைக்குப் போகும் வேனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பாடாங் செராயிலிருந்து கூலிம் பக்கத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்குப் போகும் வேனில் பதினொரு பெண்கள் இருந்தோம். வயதில் அவரைவிட மூத்த இரண்டு பேரும்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் அவருடையது. உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு, போனை வாய்க்கருகே கொண்டுபோய்ப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"கிராணி, எழுந்திரிச்சது அஞ்சு பத்து. தண்ணி ஒரு கிலாஸ். இன்னும் பசியாறல. எடது முட்டி வலிக்குது. நேத்து மாதிரி இல்ல, கம்மிதான்."

பேசி முடித்து அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வந்ததும்தான் சாய்ந்து உட்காருவார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து, "என்னாடி, எல்லாரும் தூங்கிட்டே வரீங்க" என்பார்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெயரைக் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் என்று புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் குமாஸ்தாதான் கிராணி. அக்காவின் கிராணிக்கு ஆளும் கிடையாது, புத்தகமும் கிடையாது. செய்தி அனுப்பும் செயலியில் ஒரு நம்பர், அவ்வளவுதான். நாம் அனுப்புவதைக் குறித்து வைத்துக்கொள்ளும். நேரத்துக்குக் கேள்வி கேட்கும். திங்கட்கிழமை காலையில் போன வாரக் கணக்கைத் தொகுத்து அனுப்பும்.

நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவப் பரிசோதனை நடந்தது. அங்கே வந்திருந்த ஒரு பெண்தான் எங்கள் எல்லோர் போனிலும் அந்த நம்பரைப் போட்டுக்கொடுத்தாள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், நடை எல்லாவற்றையும் அதற்குச் சொல்லி வந்தால் டாக்டரிடம் காட்ட வசதியாக இருக்கும் என்றாள். நாங்கள் நாலு நாள் விளையாட்டாகப் பேசிப் பார்த்தோம். ஐந்தாம் நாள் மறந்துவிட்டோம். அக்கா மட்டும் விடவில்லை.

அது பேசும் தமிழ் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். "இன்று எத்தனை குவளை நீர் அருந்தினீர்கள்?" என்று கேட்கும்.

"கொவளையா? அது என்னாலா? கிலாஸ்னு சொல்லு. கி-லா-ஸ்."

இரண்டு மூன்று நாளில் அது "எத்தனை கிலாஸ் நீர் அருந்தினீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தது. அக்கா போனை வேனுக்குள் ஒரு சுற்று எல்லோரிடமும் காட்டினார். "பாரு, பழக்கிட்டேன்."

நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் சொல்லுவதில் ஒரு சுத்தம் இருந்தது. அதைப் பார்த்துச் சில நேரம் பயமாகவும் இருக்கும். சாயங்காலம் திடலை நாலு சுற்று நடப்பார். ஒரு நாள் கிராணி ஐந்து என்று தவறாக எடுத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டது. அதைத் திருத்தி நாலு என்று போடவைக்கும்வரை அவர் வீட்டுக்குள் போகவில்லை. எங்களோடு வேலை செய்த ஒருத்தியின் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே போனை எடுத்தார். சர்க்கரை வியாதிக்காரர் அவர்.

"ஜிலேபி மூணு. நாலாவதுல பாதி. பாதியையும் போட்டுக்க."

எதிர் இலையில் இருந்த பெரியவர் தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார்.

"ரெண்டுன்னு சொன்னா என்னக்கா? அதுக்கு என்ன தெரியப் போவுது?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல" என்றார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒரு மழை நாளில் திகாம் பத்துவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வேன் வழியில் நின்றுவிட்டது. ஆளனுப்பிப் பாட்டரி வரும்வரை ரோட்டோரக் கடையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது அவராகவே சொன்னார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை, தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வேலையும் வீடும் போனதும், தன்னோடு பாடாங் செராய்க்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மா அவரோடு ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு நாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் அக்காவைத்தான் கேட்டார். கால் வீக்கம் எப்போதிலிருந்து? சாப்பாடு எப்போது குறைந்தது? சிறுநீர் எப்போதிலிருந்து சரியாகப் போகவில்லை?

"ஒரே வீட்ல இருந்தேன் தங்கச்சி. நான்தான் சோறு போட்டேன், நான்தான் துணி தொவச்சேன். அந்தப் புள்ள கேக்குது, எப்ப இருந்துன்னு. தெரியலன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் தெரியலன்னுதான் சொன்னேன்."

கிட்னி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. பதினேழு நாளில் அம்மா போய்விட்டார்.

"எங்கம்மா முப்பது வருசம் பெரட்டுல நின்னுச்சு. எத்தன கிலோ பாலுன்னு கிராணி எழுதுனாரு. வரலன்னா வரலன்னு எழுதுனாரு. ஏன் வரலன்னு எழுதல. ஒரு நாளு, ஒனக்கு இன்னிக்கு ஒடம்பு எப்படியிருக்குன்னு யாரும் கேட்டு எழுதல. நானும் கேக்கல." தே ஓ கிலாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "இது கேக்குதுல்ல. கேக்கறப்ப சரியா சொல்லணும்."

அந்தச் சரியில்தான் எனக்கும் அவருக்கும் ஒரு தடவை மனத்தாங்கல் வந்தது.

தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளைத் திரவம் போட்டுத் துடைக்கும் பகுதியில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். திரவத்தின் வாசம் கடுமையாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் தலை கனக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், என்ன செய்வது என்று இருந்துவிட்டோம். அக்கா தன் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "வேற லைனுக்கு மாத்துன நாள்ல எனக்குத் தலவலி இல்ல. இங்க இருக்கற நாள்லதான் வருது." பிறகு எங்கள் ஆறு பேரையும் ஒரு மாதம் எழுதச் சொன்னார். என்றைக்கு வலித்தது, எத்தனை மணிக்கு, அன்றைக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாப்பு ஆபீசரிடம் கொடுப்பதாகத் திட்டம்.

நான் பத்து நாள் ஒழுங்காக எழுதினேன். அப்புறம் சோம்பல். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து மீதி நாளெல்லாம் வலி, வலி, வலி என்று போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வேனில் அக்கா அந்தத் தாளை என் மடியில் திருப்பி வைத்தார்.

"பத்தொம்பதாம் தேதி ரெண்டு மணிக்குத் தலவலின்னு போட்டிருக்க."

"ஆமாக்கா."

"அன்னிக்கு நீ லீவு. பினாங்குக்குக் கல்யாணத்துக்குப் போன."

எனக்கு முகம் சூடானது. "எல்லாரோட நல்லதுக்குத்தானேக்கா எழுதுனேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தான். ஒரு பொய்யப் பாத்தாங்கன்னா மத்த அஞ்சு பேருதையும் சேத்துக் குப்பையில போட்டுருவாங்க."

என்னுடையதை விட்டுவிட்டு ஐந்து பேருடைய கணக்கை மட்டும் கொடுத்தார். அவருடைய தாளில் இரண்டு நாள், 'காலையில் பசியாறவில்லை, அதனாலும் வலி வந்திருக்கலாம்' என்று இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி மற்றவர்கள் கெஞ்சினார்கள். எடுக்கவில்லை. சூப்பர்வைசர் முதலில் அந்த இரண்டு நாளைத்தான் பிடித்துக்கொண்டார். பெண்கள் சாப்பிடாமல் வருவதுதான் காரணம் என்றார். ஆனால் பாதுகாப்பு ஆபீசர் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் ஏணியோடு வந்து கூரைக்கு மேலே காற்றை வெளியேற்றும் குழாயைத் திறந்தார்கள். உள்ளே விசிறி ஓடவேயில்லை. எத்தனை மாதமாக ஓடவில்லை என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வேனில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பின் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பதினோராம் நாள் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து கோரேங் பீசாங், அதாவது பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "சூடா இருக்கு. சாப்பிடு." அதோடு முடிந்தது.

அதற்கடுத்த வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இரண்டு வாரம் போனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீடு நாலு வரிசை தள்ளித்தான். வேலை முடிந்து போகும்போது தினமும் அவர் வீட்டுக்குப் போவேன்.

"கேள்விய மட்டும் படிச்சுச் சொல்லு. பதில நான் சொல்லிக்கறேன்" என்பார். நான் படிப்பேன். கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லுவார்.

திங்கட்கிழமை. வாரக் கணக்கு வந்திருந்தது. படித்துக்கொண்டே வந்தேன். நீர் இவ்வளவு, மருந்து தவறவில்லை, தூக்கம் இவ்வளவு. கடைசியாக ஒரு வரி: பேசிய ஆட்கள். அதை அவர் எங்களிடம் சொன்னதேயில்லை.

"அது வேணாம். விட்டுரு" என்றார் சட்டென்று.

விட்டுவிட்டேன். அவர் சமையலறைக்குள் போன நேரத்தில் மேலே தள்ளிப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. வாரா வாரம் அந்த வரி இருந்தது. திங்கள் பதினாலு, செவ்வாய் பன்னிரண்டு, வெள்ளி கோயிலுக்குப் போவதால் இருபதுகூட இருந்தது. ஞாயிறு பூஜ்யம். அதற்கு முந்தின ஞாயிறும் பூஜ்யம். மாதக்கணக்காகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று என்றிருந்தது. அதற்குக் கீழே அவர் குரலில் சொன்னது எழுத்தாக வந்திருந்தது: 'கேஸ் தோம்பு கொண்டாந்த பையன்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். ஊர்க்கதை பேசுவோம், டிவி பார்ப்போம், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவேன். நாலாவது வாரம் கதவைத் திறந்தவர் கையிலிருந்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன் ஞாயித்துக்கெழம மட்டும் வர?"

"சும்மாதான்க்கா."

"மேல தள்ளிப் பாத்துட்ட."

நான் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ வந்த மூணு வாரத்தையும் நான் போடல" என்றார். குரலில் கோபமில்லை. "பெரட்டுக்கு வர மாதிரி வர, தங்கச்சி. வந்து பேர் கொடுத்துட்டுப் போற. அதப் போய் ஒரு ஆளு வந்துச்சுன்னு எப்படிப் போடறது?"

அதற்குப் பிறகு நான் போகவில்லை. வேனில் வழக்கம்போலப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை பற்றி இருவருமே பேசவில்லை. அந்த நாளில் துணி துவைக்கும்போது, சமைக்கும்போது, அவர் வீட்டுக் கதவு மூடிக் கிடப்பது ஞாபகத்துக்கு வரும். போகக் கால் வராது.

அந்த வருஷக் கடைசியில் என் வயிற்றில் இருந்த பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போனது. அது இரண்டாவது தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே வீட்டில் எல்லோரும் அடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாமியார் ஒரு மருந்து சொன்னார். நாத்தனார் ஒரு கோயில் சொன்னார். வீட்டுக்காரர் நல்லவர்தான், பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "மறந்துரு, அடுத்தது நல்லா வரும்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார். ஐந்தாறு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்வரை எங்கே போகிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. என்ன கிழமை என்றும் தெரியாது.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். உள்ளே விட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டு ரசம் ஊற்றி முன்னால் வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். தட்டிக்கொடுக்கவில்லை. சும்மா வைத்திருந்தார்.

நிமிர்ந்தபோது கேட்டார்: "என்னிக்கு?"

சொன்னேன்.

"மொதத் தடவ?"

அதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, அந்தத் தேதியை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை என்று. யாரும் கேட்டதும் இல்லை.

"எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு ரெண்டு போச்சாம்" என்றார் அக்கா. "எந்த வருசம்னு அதுக்கே தெரியாது. பெரட்டு இருந்துச்சாம், மறுநாளு வேலைக்குப் போயிருச்சாம். ஒன்ன எல்லாரும் மறந்துருன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். தேதி எங்கயாவது இருக்கணும்." போனை எடுத்தார். "கிராணிகிட்டச் சொல்லவா? வேணாம்னா விட்டுர்றேன்."

சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

அவர் போனை வாய்க்கருகே கொண்டுபோனார். என் பெயரைச் சொன்னார். இரண்டு தேதிகளையும் சொன்னார். "ரெண்டு புள்ள. ரெண்டும் தங்கல. அத வச்சுக்க" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஒரு ஆளு வந்துச்சு. ஒண்ணுன்னு போடு" என்றார்.

பதில் உடனே வந்தது. கண் சரியாகிவிட்டதால் அவரே படித்தார். வருத்தம் தெரிவிப்பதாகவும், பதிவு செய்துகொண்டதாகவும், வேறு உதவி தேவையா என்றும் அது தன் வானொலித் தமிழில் கேட்டிருந்தது.

"போதும், சும்மா இரு" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். சில வாரம் போகமாட்டேன். போகாததற்கு அவரும் கேட்கமாட்டார், நானும் காரணம் சொல்லமாட்டேன். போகாத வாரத்துக்கு அவர் பூஜ்யம் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே அந்தச் சேவையை நிறுத்தப்போவதாக ஒரு செய்தி வந்தது. வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். "கிராணி வேலைய விட்டுப் போவுதாம்லா" என்று சிரித்தார். தண்ணீர், நடை, ஜிலேபி எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சில தேதிகளை மட்டும் போன் காலண்டரில் ஏற்றித் தரச் சொல்லிப் போன் கடைக்குப் போய்வந்தார். எந்தத் தேதிகள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெலுக் இந்தானில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். தங்கை வீட்டில் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர். பஸ் ஏறும்போது, "அங்க எண்ணி முடியாது" என்றார்.

அங்கே போன பிறகு வருஷத்தில் இரண்டு நாள் எனக்குப் போன் செய்வார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். "இன்னிக்குத் தேதி தெரியும்ல" என்பார். தெரியும் என்பேன். "சாப்ட்டியா?" என்பார். அவ்வளவுதான். இந்த உலகத்தில் அந்த இரண்டு நாளும் என்னைத் தவிர இன்னொருவருக்குத் தெரியும் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வருஷம் அந்த இரண்டு தேதிகளில் முதலாவதன்று போன் வந்தது. அவர் நம்பர்தான். எடுத்தபோது வேறு குரல் கேட்டது.

"நான் அக்காவோட தங்கச்சி பேசறேன். அக்கா தவறிப்போயி மூணு மாசம் ஆச்சுமா. ஒங்களுக்குச் சொல்லணும்னு தெரியாமப் போச்சு."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா போனை வீட்ல சார்ஜ்ல போட்டு வச்சிருந்தோம். காலையில அலாரம் அடிக்குது. பாத்தா ஒங்க பேரு மட்டும் இருக்கு. வேற ஒண்ணும் எழுதல. ஏதாச்சும் முக்கியமான விசயமான்னு கேக்கலாம்னுதான் எடுத்தேன்."

என்னவென்று சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்ன இரண்டாவது ஆள் அவர்தான். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த இன்னொரு தேதிக்கும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்."

"வருசா வருசம் அடிக்குமா?"

"அப்படித்தான் வச்சிருப்பாங்க."

யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். பிறகு, "சரிமா. நான் அத நிறுத்தல" என்றார். "நீ சாப்ட்டியா?"